முதுகில் குப்பை சுமக்கும் பூச்சி: நான் காசு கொடுத்து வாங்கிய கிரைசோபெர்லாதானா இது?

#1 செம்பருத்தி_பெரம்பூர் | ஜனவரி 6, காலை 8:12

வணக்கம். பெரம்பூரில் சின்னதாக ஒரு மாடித்தோட்டம், மொத்தம் இருபத்திரண்டு தொட்டிகள். மழை விட்டதிலிருந்து செம்பருத்தியில் மாவுப்பூச்சி. வேப்பெண்ணெயும் காதி சோப்பும் கலந்து அடித்தால் நான்கு நாள் அடங்குகிறது, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

யாரோ சொன்னார்கள் என்று போன மாதம் இணையத்தில் கிரைசோபெர்லா முட்டை அட்டை ஒன்று வாங்கினேன். பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி என்று போட்டிருந்தது. அட்டையைத் துண்டு துண்டாக வெட்டிக் கிளைகளில் மாட்டினேன். பத்து நாளாகியும் ஒன்றையும் காணோம். காசு போச்சு என்று விட்டுவிட்டேன்.

இன்று காலை தண்ணீர் ஊற்றும்போது ஒரு பஞ்சுத் துணுக்கு கிளையில் நகர்ந்தது. காற்றில் ஆடுகிறது என்று பார்த்தால், காற்றே இல்லை. பாதி மிளகு அளவுதான். மேலே மாவுப்பூச்சியின் வெள்ளைப் பஞ்சு, காய்ந்த இலைத் துகள், ஒரு எறும்பின் தலை கூட இருக்கிறது. அடியில் ஆறு கால்கள். ஊதினால் நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் கழித்து நடக்கிறது.

நான் வாங்கிய அட்டையிலிருந்து வந்ததுதானா? இல்லை, வேறு ஏதாவது புதுத் தொல்லையா? நசுக்கலாமா வேண்டாமா என்று மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள்.

#2 சுவர்ப்பல்லி | ஜனவரி 6, காலை 8:40

எங்கள் வீட்டுச் சுவரில் சிமெண்ட் நிறத்தில் பூசணி விதை மாதிரி ஒன்று ஊருமே, அதுதான். துடைப்பத்தால் ஒரு தட்டு தட்டினால் விழுந்துவிடும்.

#3 குழியானை | ஜனவரி 6, காலை 9:05

நசுக்காதீர்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

சுவர்ப்பல்லி சொல்வது கூட்டுப்புழு. அது ஒரு சிறிய அந்துப்பூச்சியின் புழு. தட்டையான கூட்டுக்குள் இருந்துகொண்டு தலையை மட்டும் நீட்டி, கூட்டை இழுத்துக்கொண்டு போகும். இதுவோ கூட்டுக்குள் இல்லை, குப்பையை முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கிறது. ஒரு துடைப்பக் குச்சியால் மேலே இருப்பதை மெல்லத் தள்ளிவிட்டு, பூதக்கண்ணாடி வைத்துத் தலையைப் பாருங்கள். என்ன தெரிகிறது?

#4 செம்பருத்தி_பெரம்பூர் | ஜனவரி 6, காலை 11:30

பார்த்தேன். பேரனின் பூதக்கண்ணாடி. தலைக்கு முன்னால் இரண்டு அரிவாள்கள், ஒன்றையொன்று பார்த்தபடி வளைந்திருக்கின்றன. உடம்பு கூன் விழுந்த மாதிரி, பக்கவாட்டில் முடிக் கொத்துகள். மூட்டையைத் தள்ளியதும் அதற்குப் பிடிக்கவில்லை. உடனே பக்கத்தில் கிடந்த பஞ்சை அரிவாளால் கவ்வி, தலையைப் பின்னால் மடக்கி முதுகில் வைத்தது. மறுபடி கவ்வியது, மறுபடி வைத்தது. கீரைக்கட்டு அடுக்குகிற மாதிரி. சமையலை விட்டுவிட்டு இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

#5 குழியானை | ஜனவரி 6, மதியம் 1:15

அந்த அரிவாள்கள் போதும். உங்களுடையது கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு. என் பெயரிலேயே அதன் சொந்தக்காரன் இருக்கிறான். சின்ன வயதில் மணலில் குழி பறித்து உட்கார்ந்திருக்கும் குழியானையைப் பிடித்து விளையாடியிருப்பீர்களே, இரண்டும் நியூரோப்டிரா என்ற ஒரே வரிசை. தாடையும் ஒரே அமைப்பு. மேல் தாடையும் கீழ்த் தாடையும் ஒட்டி நடுவில் குழல் மாதிரி ஆகிவிடும். இரையைக் குத்தி, செரிக்கும் நீரை உள்ளே விட்டு, கரைந்ததை உறிஞ்சும். மாவுப்பூச்சியின் தோல் மட்டும் மிஞ்சும். அந்தத் தோலும் முதுகுக்குப் போகும். உங்கள் புழு சுமப்பதில் பாதி அது சாப்பிட்ட மிச்சம்தான்.

எதற்குச் சுமக்கிறது? மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் அவற்றைக் காவல் காக்கின்றன. வேட்டைக்காரன் மாவுப்பூச்சி வேடத்தில் வந்தால் எறும்புக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவில் ஆல்டர் மரத்தில் வெள்ளைப் பஞ்சு அசுவினியைத் தின்னும் ஒரு கண்ணாடி இறக்கைப் புழுவை வைத்து தாமஸ் ஐஸ்னர் குழுவினர் 1978இல் இதைச் சோதித்தே பார்த்தார்கள். பஞ்சை உரித்துவிட்ட புழுக்களை எறும்புகள் கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டு போயின. பழக்கமும் நேற்று வந்ததில்லை. ஸ்பெயினில் கிடைத்த சுமார் 11 கோடி ஆண்டு பழைய மரப்பிசினுக்குள், முதுகில் செடி மயிர்களை அடுக்கிய ஒரு புழு அப்படியே உறைந்து கிடைத்திருக்கிறது. டைனோசர் காலத்திலேயே மூட்டை தூக்கியிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் கேள்வி. கிரைசோபெர்லாவா? இல்லை. கிரைசோபெர்லா புழு மூட்டை தூக்குவதில்லை. வெறும் முதுகு, நீண்டு ஒடுங்கிய உடல், பழுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள், சின்ன முதலை மாதிரி ஓடும். உங்களுடையது கூன் முதுகு, பக்கவாட்டில் முடி முளைத்த நீண்ட குமிழ்கள், முதுகில் கொக்கி மயிர்கள். சுமை நழுவாமல் இருக்கத்தான் அத்தனையும். பச்சைக் கண்ணாடி இறக்கைக் குடும்பமான கிரைசோபிடேயில் 80க்கு மேல் பேரினங்கள், 1,400 வாக்கில் இனங்கள். வளர்ந்த பூச்சிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது பெரும்பாடு, எல்லாமே பச்சை. புழுவோ முதுகைக் காட்டியே பாதிக் கணக்கை முடித்துவிடுகிறது.

#6 புதியவன்27 | ஜனவரி 6, மதியம் 2:02

கொலைகாரப் பூச்சியின் குஞ்சும் செத்த எறும்புகளை முதுகில் சுமக்குமே, அதுவாக இருக்காதா? நான் ஒரு முறை கடி வாங்கியிருக்கிறேன், கை வீங்கிவிட்டது.

#7 குழியானை | ஜனவரி 6, மதியம் 2:20

நல்ல சந்தேகம். அதற்கு ஒற்றை ஊசி மூக்கு, தலைக்கு அடியில் மடிந்திருக்கும். அரிவாள் ஜோடி கிடையாது. உணர்கொம்பும் காலும் நீளம். இந்தப் புழுவும் எப்போதாவது கையில் ஏறினால் ஒரு குத்து குத்திப் பார்க்கும், கொஞ்ச நேரம் அரிக்கும், அவ்வளவுதான்.

#8 செம்பருத்தி_பெரம்பூர் | ஜனவரி 6, மாலை 6:45

அப்படியானால் நான் வாங்கிய அட்டை என்னவாயிற்று தம்பி? இது எங்கிருந்து வந்தது?

#9 குழியானை | ஜனவரி 6, இரவு 9:50

இது தானாக வந்தது. அம்மா பூச்சி இரவில் பறந்து வந்து, மாவுப்பூச்சி இருக்கும் இடம் பார்த்து முட்டையிட்டிருக்கும்.

அட்டை விஷயம் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். மாடி வெயிலில் அட்டையை மாட்டினால் பாதி முட்டை காய்ந்துவிடும், மீதியை எறும்பு தின்றுவிடும். பொரிந்த புழுக்கள் பக்கத்தில் இரை இல்லாவிட்டால் ஒன்றையொன்று தின்னும். அதிலும் தபாலில் வருவதற்குள் பெட்டியிலேயே பொரிந்துவிட்டால் முடிந்தது. முட்டையை மாலையில் விட வேண்டும், இலையின் அடிப்புறம், எறும்பு ஏறாத கிளையில். இதை விற்றவர் ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதியிருக்கலாம்.

இன்னொன்று. அந்த அட்டையின் மேல் 'கிரைசோபெர்லா கார்னியா' என்று இருந்ததா?

#10 செம்பருத்தி_பெரம்பூர் | ஜனவரி 6, இரவு 10:04

ஆமாம், அதேதான். அட்டை இன்னும் குப்பைக்குப் போகவில்லை, பார்த்துத்தான் சொல்கிறேன்.

#11 குழியானை | ஜனவரி 6, இரவு 10:41

பழைய பெயர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கார்னியா என்பது ஐரோப்பாவில் 1836இல் பெயர் வைக்கப்பட்ட இனம். பார்க்க அதே மாதிரி இருப்பதால் உலகம் முழுக்க இருப்பதையெல்லாம் அந்தப் பெயரிலேயே அழைத்தார்கள், நம் வேளாண் புத்தகங்கள் உட்பட. பிறகு பாட்டைக் கேட்டுத்தான் குட்டு உடைந்தது.

பாட்டு என்றால் காதில் விழும் பாட்டு இல்லை. ஆணும் பெண்ணும் இலையில் உட்கார்ந்து வயிற்றை வேகமாக அதிர வைக்கும். அந்த அதிர்வு காம்பு வழியாகப் போய் மற்றதன் கால்களுக்குத் தெரியும். ஒன்று முடித்ததும் மற்றது பதில் சொல்லும். நாகஸ்வரக் கச்சேரியில் தவிலுக்கு விட்டுக்கொடுப்பது மாதிரி முறை வைத்து நடக்கும். தாளம் பொருந்தாவிட்டால் இணை சேராது. ஒவ்வோர் இனத்துக்கும் தாளம் வேறு. சார்லஸ் ஹென்றியும் உடன் ஆய்வு செய்தவர்களும் இந்த அதிர்வுகளைப் பதிவு செய்து, இந்தியாவில் இருப்பது கார்னியா இல்லை, கிரைசோபெர்லா சாஸ்ட்ரோவி சில்லெமி என்று 2010இல் காட்டினார்கள். மத்திய கிழக்கிலும் அதே பூச்சிதான். நம் ஊர்ப் பருத்தியிலும் வெண்டையிலும் இத்தனை வருடமாக அசுவினி தின்றது இதுதான்.

#12 தென்னந்தோப்பு | ஜனவரி 7, காலை 6:20

செங்கல்பட்டு பக்கம் எனக்குக் கொஞ்சம் தென்னை இருக்கிறது. ஆள் நுங்கம்பாக்கம், தோப்புக்கு வாரம் ஒரு முறை. இந்த மூட்டைக்காரனை எனக்குத் தெரியும். 2016இல் பொள்ளாச்சியில் முதலில் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈ கொஞ்ச நாளில் எங்கள் பக்கமும் வந்தது. ஓலை அடியில் வட்ட வட்டமாக வெள்ளை மாவு, கீழ் ஓலை முழுக்கக் கரும்பூசணம், தொட்டால் கை பிசுபிசு. மருந்து அடிக்காதே, அடித்தால் நல்ல பூச்சியும் சாகும் என்றார்கள். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுத்தாள் கட்டினோம், வெள்ளை ஈயை அழிக்கும் சின்னக் குளவி இருக்கும் ஓலைத் துண்டுகளை வாங்கி வந்து செருகினோம். கூடவே ஒரு இரைவிழுங்கி முட்டையும் கொடுத்தார்கள்.

அந்தப் பெயர்தான் எனக்குப் பிரச்சினை. ஒருவர் 'மல்லாடா' என்றார். அடுத்தவர் 'டைகோகிரைசா' என்றார். போன வருடக் கையேட்டில் 'அப்பெர்டோகிரைசா ஆஸ்டர்' என்று அச்சடித்திருக்கிறார்கள். மூன்றும் ஒரே பூச்சி என்கிறார்கள். பெயரை மாற்றினால் காய் கூடுமா?

#13 குழியானை | ஜனவரி 7, இரவு 8:30

காய் கூடாது ஐயா. ஆனால் உங்கள் கேள்விதான் இந்த இழையின் மையம், அம்மாவின் பூச்சியும் இந்தக் குழப்பத்துக்குள்தான் வருகிறது.

ஸ்பெயின் நாட்டு இயேசு சபைப் பாதிரியார் லோங்கினோஸ் நவாஸ் வைத்த பெயர் மல்லாடா. அசராமல் பெயர் வைத்துக்கொண்டே போன மனிதர், பின்னால் வந்தவர்களுக்கு இன்னும் வேலை மிச்சமிருக்கிறது. அந்த மல்லாடாவுக்குள் ஒரு காலத்தில் உலகத்து மூட்டைக்காரர்களையெல்லாம் போட்டார்கள். கூட்டம் அதிகமானதும் பெரும்பாலானவற்றைத் தனியே பிரித்தார்கள். பிரித்த கூட்டத்துக்கு 1991இல் டைகோகிரைசா என்று பெயர். அந்தப் பெயரில் சட்டச் சிக்கல் என்று, 1995இல் வைத்த சூடோமல்லாடா நிலைத்தது. 2021இல் இன்னொரு திருப்பம். தென் ஆப்பிரிக்கப் பூச்சிகளை ஆராய்ந்த போ டேடர் 1966இலேயே அப்பெர்டோகிரைசா என்று ஒரு பேரினம் எழுதி வைத்திருந்தார். இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்ததும், முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்ற விதிப்படி சூடோமல்லாடா விழுந்தது. ரேஷன் கார்டில் பெயர் திருத்த அலைவதைப் போலத்தான், ஆள் அதே ஆள்.

மல்லாடா என்ற பேரினம் இன்னும் இருக்கிறது, ஆள் குறைந்து. நம் பக்கம் அதுவும் உண்டு. பிளெசியோகிரைசா என்று ஒன்றும் உண்டு. இந்த மூன்றின் புழுக்களும் மூட்டை சுமப்பவை. ஆக அம்மாவின் பூச்சி பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. மேற்கொண்டு போக வேண்டுமானால் வளர்ந்த பூச்சி வேண்டும். வளர்க்க முடியுமா அம்மா?

#14 அடையாறுநடை | ஜனவரி 8, காலை 7:15

இடையில் நுழைகிறேன். பூச்சியை விட அதன் முட்டைதான் எனக்குப் பிடித்தது. அடையாறில் காலை நடைக்குப் போகும் வழியில் ஒரு வீட்டு இரும்புக் கேட்டில் பார்த்தேன். தலைமுடியை விட மெல்லிய நூல், அரை அங்குலம் இருக்கும், அதன் நுனியில் ஒரு வெண்பச்சை முட்டை. பக்கத்தில் இன்னொன்று, இன்னொன்று. மூச்சு பட்டால் ஆடுகிறது. அம்மா பூச்சி வயிற்று நுனியால் ஒரு சொட்டைத் தொட்டு வைத்து, வயிற்றை மேலே தூக்கும். இழை நீண்டு, சில நொடிகளில் இறுகும். நுனியில் முட்டை நிற்கும். எறும்பும் எட்டாது, முதலில் பொரிந்த அண்ணனாலும் தம்பியைத் தின்ன முடியாது.

அந்த வீட்டுப் பாட்டி அதைக் காளான் என்று நினைத்து தினமும் துடைத்துக்கொண்டிருந்தார். ஜப்பானில் இந்த முட்டைகளுக்கே 'உடோங்கே' என்று பெயர். வடமொழி உதும்பரம் பௌத்தத்தோடு சீனா வழியாகப் போய் அப்படி ஆனது. 3,000 ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் புனித மலர் உதும்பரம் என்பது அங்குள்ள நம்பிக்கை. புத்தர் சிலையின் மேல் இந்த முட்டைகள் இருப்பதைப் பார்த்து உதும்பரம் பூத்துவிட்டது என்று கூட்டம் கூடியதுண்டு, கொரியாவில் கூட. உதும்பரம் என்பது வேறொன்றும் இல்லை, நம் அத்தி. அதன் பூ காய்க்குள்ளேயே இருப்பதால் யார் கண்ணுக்கும் படாது. 'அத்தி பூத்தாற்போல' என்று நாம் சொல்வதும் அதனால்தான். பாட்டியிடம் இதைச் சொன்னேன். துடைப்பதை நிறுத்திவிட்டார், இப்போது கேட்டுக்குக் கோலப்பொடியே போட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

#15 சுவர்ப்பல்லி | ஜனவரி 8, காலை 9:00

நான் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டேன் என்று பதிவு செய்துகொள்ளவும்.

#16 செம்பருத்தி_பெரம்பூர் | ஜனவரி 20, காலை 5:50

வளர்த்துவிட்டேன். ஊறுகாய் பாட்டில், வாயில் மல் துணி, தினமும் மாவுப்பூச்சி பிடித்த ஒரு தளிர். நான்காம் நாள் தளிரின் அடியில் போய் அசையாமல் இருந்தது. செத்துவிட்டது என்று நினைத்தேன். குப்பை மூட்டைக்குள்ளேயே வெள்ளை உருண்டையாக ஒரு கூடு, மூக்குத்தி அளவு. பிறகு ஒன்பது நாள் ஒன்றும் இல்லை.

நேற்று இரவு பதினொன்றரைக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். கூட்டின் தலையில் மூடி வெட்டிய மாதிரி ஒரு வட்டம் திறந்திருந்தது. துணியில் தொங்கிக்கொண்டு ஒரு பச்சை உருவம் தன் தோலைக் கழற்றிக்கொண்டிருந்தது. இறக்கை முதலில் கசங்கிய தாள். அரை மணி நேரத்தில் விரிந்தது. டியூப் லைட்டில் பார்த்தால் இறக்கையில் வானவில் ஓடுகிறது. கண்கள் தங்கக் குண்டுமணி. விரிந்து முடிந்ததும் வயிற்றிலிருந்து கறுப்பாக ஒரு உருண்டையை வெளியே தள்ளியது. அது என்ன தம்பி? தோலைக் கையில் எடுத்தபோது லேசாக ஒரு நாற்றமும் வந்தது.

#17 குழியானை | ஜனவரி 20, காலை 8:10

அம்மா, நீங்கள் பார்த்ததைப் பூச்சி படிக்கிற பிள்ளைகள் பலர் பார்த்ததில்லை.

அந்தக் கறுப்பு உருண்டை புழுப் பருவம் முழுக்கச் சேர்ந்த கழிவு. புழுவின் நடுக்குடல் பின்னால் திறப்பதில்லை. சாப்பிட்டதன் மிச்சம் எல்லாம் உள்ளேயே தங்கி, இறக்கை முளைத்த பிறகுதான் வெளியேறும். பின்வழி சும்மா இருப்பதில்லை, கூடு கட்டும் பட்டு நூல் அந்த வழியாகத்தான் வருகிறது. பட்டுப்புழு வாயால் நூற்கிறது, இது வாலால். நாற்றம் கழுத்துக்குப் பின்னால் உள்ள சுரப்பியிலிருந்து வருவது. தொந்தரவு செய்தால் விடும், சில இனங்களில் தாங்க முடியாது.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கிரைசோபெர்லா சாஸ்ட்ரோவிக்குக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, கருஞ்சிவப்புக் கோடு இருக்கும், முதுகு நடுவில் வெளிர்மஞ்சள் பட்டை ஓடும். உங்கள் பூச்சியில் கன்னக் கோடு இல்லை. மஞ்சள் பட்டையை மட்டும் வைத்து ஏமாறக் கூடாது, அது வேறு பேரினங்களிலும் வரும். முன்னிறக்கையில் படிக்கட்டு மாதிரி இரண்டு வரிசைக் குறுக்கு நரம்புகள் தெரிகின்றன, எத்தனை படி, எவை கறுப்பு என்று எண்ணிக் குறித்துக்கொண்டேன். இறக்கை அகலமாக, கரும்புள்ளிகளோடு இருந்திருந்தால் அங்கைலாப்டெரிக்ஸ் என்று சொல்லியிருப்பேன். அதன் ஆண்கள் பழ ஈப் பொறியில் வைக்கும் மெத்தில் யூஜினாலுக்கு வந்து விழும், மாந்தோப்பில் பொறி வைத்தவர்கள் பார்த்திருக்கலாம்.

மூன்றில் ஒன்று என்பதைத் தாண்ட ஓர் ஆணின் வயிற்று நுனி வேண்டும். உங்களுடையது பெண் என்று நினைக்கிறேன், விட்டுவிடுங்கள். மாடி விளக்குக்கு வந்து செத்து விழுந்தது ஏதாவது கிடைத்தால் எடுத்து வையுங்கள்.

#18 புதியவன்27 | ஜனவரி 20, இரவு 7:30

விளக்குக்கு வருவதை வௌவால் பிடித்துவிடாதா? எங்கள் தெரு விளக்கைச் சுற்றி தினமும் இரண்டு சுற்றுகின்றன.

#19 குழியானை | ஜனவரி 20, இரவு 9:12

பிடிக்கும், ஆனால் சுலபமாக இல்லை. இறக்கை அடிப்பக்கம் ஒரு நரம்பு உப்பியிருக்கும், அதுதான் காது. வௌவாலின் நமக்குக் கேட்காத கூச்சல் அதற்குக் கேட்கும். கேட்டதும் இறக்கையை மடக்கிக் கல் மாதிரி கீழே விழும். வௌவால் கிட்டே வந்துவிட்டால் விழும்போதே ஒரு முறை இறக்கையைப் படக்கென்று விரித்துப் பாதை மாறும்.

#20 செம்பருத்தி_பெரம்பூர் | ஜனவரி 27, மாலை 4:15

அது பறந்துபோன மூன்றாம் நாள் படிக்கட்டு விளக்கடியில் அதே மாதிரி இரண்டு செத்துக் கிடந்தன. கன்னத்தில் கோடு இல்லாதவை. ஓமியோபதி மாத்திரைக் குப்பியில் போட்டு, நேற்று பெரம்பூர் ரயில் நிலையத்தில் குழியானைத் தம்பி கையில் கொடுத்துவிட்டேன். நான் நினைத்ததை விடச் சின்னப் பையன்.

#21 குழியானை | ஜனவரி 29, இரவு 11:20

இரண்டில் ஒன்று ஆண். வயிற்று நுனியை வெட்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சதையைக் கரைத்து, நுண்ணோக்கியில் வைத்தேன். கிரைசோபெர்லா ஆணுக்கு டிக்னம் என்ற வில் போன்ற ஒரு துண்டு இருக்கும், கோனாப்சிஸ் என்ற துண்டு இருக்காது. இதில் நேர்மாறு, டிக்னம் இல்லை, கோனாப்சிஸ் இருக்கிறது. மல்லாடா, பிளெசியோகிரைசா படங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன், ஒத்துவரவில்லை. அப்பெர்டோகிரைசா. தென்னந்தோப்பு ஐயா காசு கொடுத்து வாங்கியதன் பேரினம் பெரம்பூரில் இனாமாக வந்து செம்பருத்தியில் வேலை பார்க்கிறது. புழு முதல் நாளே பாதியைச் சொல்லிவிட்டது, மீதிக்கு எனக்கு மூன்று வாரம்.

#22 தென்னந்தோப்பு | ஜனவரி 30, காலை 6:05

அடுத்த முறை கையேட்டில் பெயர் மாறுவதற்குள் ஒரு நல்ல தமிழ்ப் பெயர் வைத்துவிடுங்கள் தம்பி. நான் மூட்டைக்காரன் என்றே சொல்லப்போகிறேன்.

#23 செம்பருத்தி_பெரம்பூர் | பிப்ரவரி 2, காலை 7:40

மாவுப்பூச்சி போய்விடவில்லை, பாதியாகியிருக்கிறது. இப்போது நான்கு மூட்டைக்காரர்கள். அந்தத் தொட்டிக்கு மட்டும் சோப்புத் தண்ணீரை நிறுத்திவிட்டேன், எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டில் தொட்டியை வைத்திருக்கிறேன்.

இன்று காலை மாடிக் கதவுத் தாழ்ப்பாளில் ஏழு முட்டைகள், நூலில் ஆடுகின்றன. நாளைக்குக் கதவுக்குப் பெயிண்ட் அடிக்க வீட்டுக்காரர் ஆள் சொல்லியிருக்கிறார். தள்ளிப்போடச் சொல்ல வேண்டும். எத்தனை நாள் என்று சொல்லட்டும் தம்பி, மூன்று நாள் போதுமா?

#24 குழியானை | பிப்ரவரி 2, காலை 7:52

நான்கு என்று சொல்லுங்கள். ஒரு நாள் கூடுதலாக இருக்கட்டும்.